அப்பாயி பாடாத அறை

1

"அண்ணே, அப்பாயி பாட மாட்டேங்குது. நீங்க ஒருவாட்டி வந்து பேசிப் பாருங்களேன்."

தம்பி ஃபோனில் இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாயி பாடாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அரிசி களையும்போது பாடும். வெற்றிலை மடிக்கும்போது பாடும். எங்களைத் திட்டுவதில்கூட பாதி ராகத்தோடுதான் வரும். அது பாட மாட்டேன் என்கிறதா?

தம்பி என் சித்தப்பா மகன். கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் அப்பாயியோடு இருக்கிறான். பகலில் தானா ராத்தாவில் ஹோட்டல் வேலை. ராத்திரியில் ராப். 2006-இல் யோகி பி & நட்சத்திராவின் 'வல்லவன்' வந்தபோது அவனுக்குப் பேச்சே சரியாக வராத வயசு. ஆனால் அந்த ஆல்பத்துக்குப் பிறகு மலேசியாவில் வளர்ந்த தமிழ்ப் பையன்கள் பலரைப் போல, ஒரு கணினி, ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் போதும், பாட்டு பண்ணிவிடலாம் என்று நம்புகிறவன். நம்பிக்கை தப்பில்லை. அப்பாயி பாடும் கொழுந்துப் பாட்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் தன் வரிகளைக் கட்ட வேண்டும் என்பது அவனுடைய ரெண்டு வருச ஆசை.

அதற்காகத் தன் படுக்கையறையை ஸ்டூடியோவாக மாற்றியிருந்தான். பத்துக்குப் பத்தடி அறை. நான்கு சுவரிலும் ஒரு அங்குலக் கறுப்பு ஃபோம், கதவின் பின்பக்கம்கூட விடாமல் ஒட்டியிருந்தான். ஃபோம் தீர்ந்த இடத்தில் முட்டைத் தட்டு. மலையில் முட்டைத் தட்டுக்கும் ஸ்ட்ராபெரிப் பெட்டிக்கும் பஞ்சமில்லையே!

உள்ளே போய் ஒரு கை தட்டினேன். சத்தம் உள்ளங்கையோடு நின்றுவிட்டது.

அப்பாயி வாசல்படியில் உட்கார்ந்திருந்தது. "ஏன்யா, அதுக்குள்ள வாயத் தெறந்தா சத்தம் செத்துப்போவுது. நான் பாடுறது எனக்கே கேக்கல. யாருக்குப் பாடுறேன்னே தெரியல" என்றது.

ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களும் இப்படிப்பட்ட அறையைச் செத்த அறை என்றுதான் சொல்வார்கள். அப்பாயிக்கு அது தெரியாது. உள்ளே ஒரு வரி பாடியதுமே அந்தச் சொல் அதன் வாயில் தானாக வந்துவிட்டது.

பாட்டைப் பற்றி எழுதும் நாம் அநேகமாக எல்லோரும் சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறோம். கொஞ்சம் துணிந்தவர்கள் மெட்டுவரைக்கும் போகிறார்கள். அந்தப் பாட்டு எந்த அறையில் பாடப்பட்டது, எந்த அறையில் கேட்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. அந்த மலையில் நான் தங்கிய பத்து நாள் இந்தக் கேள்வியை என்மேல் ஏற்றிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2

அறைக்கும் சத்தத்துக்கும் உள்ள கணக்கை முதலில் பிடித்தவர் வாலஸ் சபீன். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை மண்டபத்தில் பேசினால் ஒன்றுமே புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆனது. அதற்குள் அடுத்த பத்துச் சொல் வந்து அதன்மேல் விழுந்துவிடும். இளம் ஆசிரியரான சபீனிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் கையில் இருந்தது ஓர் ஆர்கன் குழாய், ஒரு நிறுத்துக் கடிகாரம், இரண்டு காது. ஊர் அடங்கிய நள்ளிரவில், பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து ஒவ்வொன்றாக அடுக்குவார். குழாயை ஊதி நிறுத்திவிட்டு, சத்தம் எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று குறித்துக்கொள்வார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போய்விடும். அறை பெரிதாக இருந்தால் முழக்கம் நீளும், உறிஞ்சும் பொருள் கூடினால் அது குறையும் என்ற எளிய சூத்திரம் இப்படித்தான் பிறந்தது.

இதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்தது. ஒன்று, உறிஞ்சலை அளக்க சபீன் எடுத்துக்கொண்ட அலகு: திறந்த ஜன்னல். ஜன்னல் வழியாக வெளியே போன சத்தம் திரும்பி வராது, ஆகவே அதுதான் முழு உறிஞ்சல். இரண்டு, மனித உடம்பும் சத்தத்தை உறிஞ்சும் என்று அவர் அளந்து காட்டினார். ஆள் நிறைந்த மண்டபமும் காலி மண்டபமும் ஒரே அறை அல்ல. கேட்க வந்தவர்களின் உடம்பே பாட்டின் ஓசையை மாற்றிவிடுகிறது.

தம்பியின் அறையில் நடந்த தவறுக்கு வருகிறேன். வீட்டில் ஸ்டூடியோ வைக்கும் பையன்கள் பெரும்பாலும் இதில்தான் விழுகிறார்கள்.

சத்தம் வெளியே போகாமல் தடுப்பது வேறு வேலை. அறைக்குள் சத்தம் சுற்றுவதை அடக்குவது வேறு வேலை. முதலாவதற்குக் கனம் வேண்டும்: செங்கல், கான்கிரீட், இரட்டைச் சுவர், இடுக்கில்லாத கதவு. ஃபோமுக்குக் கனமே இல்லை. அதைச் சுவர் முழுக்க ஒட்டினாலும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கத்திக்கொண்டுதான் இருப்பார். முட்டைத் தட்டு இரண்டு வேலையையுமே செய்யாது.

ஃபோம் இரண்டாவது வேலையையும் அரைகுறையாகத்தான் செய்கிறது. ஓர் அங்குல ஃபோம் உயர்ந்த அதிர்வெண்களை மட்டும் விழுங்கும். ச, த, க என்று நாக்கும் பல்லும் உதடும் செய்கிற நுணுக்கமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கீழே இருக்கும் பேஸ் அதைத் தாண்டிச் சுவரில் மோதி அப்படியே திரும்பி வரும். 56 ஹெர்ட்ஸ் அலையின் கால்பகுதி மட்டுமே ஐந்து அடி. அதை ஓர் அங்குலத்தில் பிடிக்க நினைப்பது வலைப்பையில் தண்ணீர் பிடிக்கிற கதை. ஆகவே தம்பியின் அறையில் பேச்சின் கூர்மை செத்துவிட்டது, இரைச்சலான அடிச்சத்தம் மட்டும் உயிரோடு இருந்தது. அப்பாயி ஓடி வந்ததில் ஆச்சரியமே இல்லை.

56 என்று ஏன் சொன்னேன்? எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் ஒலி போய்த் திரும்பும்போது, அந்த இடைவெளியில் சரியாகப் பொருந்தும் அலை மட்டும் ஊதிப் பெரிதாகும். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அது வந்துவிடும். பத்தடிக்கு ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ். அறை சதுரம் என்பதால் அகலத்துக்கும் அதே 56. ஒன்பதடி உயரக் கூரைக்கு 62. மூன்றும் ஒரே இடத்தில் குவிந்துவிட்டன. ராப் பாட்டின் பேஸ் வாழ்வதும் அதே ஊரில்தான்.

இன்னொரு கோளாறு, தம்பி நாற்காலியைப் போட்டிருந்த இடம். அறைக்கு நட்டநடு. ஊதிப் பெரிதாகும் அந்த அலை சுவரோரத்தில் உச்சத்தில் இருக்கும், நடுவில் இல்லாமல் போகும். நடுவில் உட்கார்ந்தவனுக்குப் பேஸ் கேட்காது. கேட்கவில்லையே என்று கூட்டிக்கொண்டே போவான். அந்தப் பாட்டைக் காரில் போட்டால் கதவுக் கண்ணாடி நடுங்கும்.

"அதான் அண்ணே! என் பாட்டு ரூம்ல நல்லாருக்கு, கார்ல மட்டும் சாமி வந்த மாரி ஆடுது."

3

மூன்று நாளில் அறையைக் கலைத்துக் கட்டினோம்.

பாதி ஃபோமைப் பிய்த்தோம். பாறைக் கம்பளிப் பலகைகளை ஈப்போவிலிருந்து வாங்கி வந்து, நான்கு அங்குலக் கனத்தில் மரச் சட்டம் அடித்து, மேலே அப்பாயியின் பழைய நூல் புடவையை இழுத்துக் கட்டினோம். துணி வழியாக ஊதினால் மூச்சு அந்தப் பக்கம் போக வேண்டும். அதுதான் சோதனை. பிளாஸ்டிக் கலந்த துணி ஆகாது. மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை இன்னும் கனமாக அடுக்கினோம், ஏனென்றால் பேஸ் போய்க் குவிவது மூலையில்தான்.

மலைநாட்டுக்கென்று ஒரு கூடுதல் பாடம் உண்டு. பலகையைச் சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது. கேமரன் மலையில் சுவர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். மழைக்காலத்தில் அலமாரிக்குள் இருக்கும் பெல்ட்டே பூஞ்சை பிடித்துப் பச்சையாகிவிடும். கம்பளிக்குப் பூஞ்சை பிடிக்காவிட்டாலும் அதைச் சுற்றிய துணிக்கும் மரத்துக்கும் தூசிக்கும் பிடிக்கும். மூன்று அங்குலம் தள்ளி நிறுத்தினால் காற்று ஓடும். அதைவிடப் பெரிய லாபம், அந்த இடைவெளியால் பலகை இன்னும் கீழே உள்ள அதிர்வெண்களையும் பிடிக்கத் தொடங்கும்.

அடுத்தது கண்ணாடி வேலை. மிக்ஸ் பண்ணுகிறவன் தன் நாற்காலியில் உட்கார வேண்டும். இன்னொருவர் ஒரு கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண்ணாடியில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, ஸ்பீக்கரின் சத்தம் முதலில் மோதித் திரும்புவது அந்த இடத்தில். அங்கே ஒரு பலகை. கண்ணாடி பிடிக்க அப்பாயி வந்தது, பொட்டு வைக்கும் அதே கண்ணாடியோடு.

"தெரியுதாடா?"

"இல்ல அப்பாயி, இன்னும் தள்ளு."

"எனக்கு ஒம் மூஞ்சிதான் தெரியுது. ராத்திரி பூரா முழிச்சுக் கண்ணு உள்ள போயிருச்சு."

நாற்காலியை முன்சுவரிலிருந்து மூன்றே முக்கால் அடிக்கு, அதாவது நீளத்தில் 38 சதவீதம் வரும் இடத்துக்கு மாற்றினோம். பின்சுவரை மூடவில்லை. புத்தக அலமாரியை அங்கே நிறுத்தினோம். மேடும் பள்ளமுமாக இருக்கும் புத்தக முதுகுகள் சத்தத்தைக் கொல்லாமல் உடைத்துச் சிதறடிக்கும். தம்பி தன் பழைய பாட்டைப் போட்டுக் கேட்டான். முதல் வரி முடிவதற்குள் நிறுத்திவிட்டான்.

"ச்சே. இவ்ளோ மோசமாவா பண்ணிருக்கேன்?"

இந்தக் கேள்வியை நான் மனசில் வைத்துக்கொண்டேன். நல்ல அறைக்கு அடையாளம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குள் உட்கார்ந்தால் நம் வேலை நமக்கு மோசமாகக் கேட்க வேண்டும்.

4

படுக்கையறைப் பாட்டு இன்றைக்கு இழிவானது அல்ல. ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி ஆரம்பித்த பஞ்சதன் ஸ்டூடியோவிலிருந்துதான் 1992-இல் 'ரோஜா' வந்தது. அதற்கு முன் தமிழ் சினிமாப் பாட்டு என்றால் ஒரு பெரிய கூடம், அதில் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும் வாத்தியக்காரர்கள். வயலின்காரரின் மைக்கில் தபேலாவும் கொஞ்சம் கசியும். 'ரோஜா'வில் ஒவ்வொரு சத்தமும் தனக்கென்று ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தது. அதை நாம் துல்லியம் என்று கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தத் துல்லியத்தோடு ஒரு கூடம் நம் காதிலிருந்து காலி செய்யப்பட்டதையும் யாராவது எழுதியிருக்கலாம்.

லாஸ் ஏஞ்சல்ஸில், பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில், பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபினியஸும் 2019 ஆல்பத்தைச் செய்தார்கள். அடுத்த வருசமே கிராமி மேடையில் முக்கிய விருதுகளை அள்ளினார்கள். அந்த ஆல்பத்தின் குரலைக் கேளுங்கள். கிசுகிசுப்பு. மைக்கை உதட்டில் வைத்துப் பேசுவதுபோல. அது ஒரு பாணி மட்டும் இல்லை, அந்த அறை பெற்ற பிள்ளை என்பேன். பக்கத்து அறையில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் குரல் இப்படித்தான் சுருண்டு உட்காரும். அங்கே அறையும் குரலும் ஒன்றுக்கொன்று பொருந்தியதால் அது கலையானது.

எங்கள் அப்பாயியின் குரல் வேறு இடத்தில் பிறந்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்த கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். சரிவில் நிற்கிறவளுக்கு மேல் நெரையில் இருப்பவளைக் கூப்பிட வேண்டும். பாட்டின் முதல் அடியை இவள் விட்டால் அடுத்த அடியை அவள் எடுப்பாள். பனியில் முகம் தெரியாது, குரல்தான் அடையாளம். ஆகவே அந்தக் குரல் மூக்கும் தொண்டையும் சேர்ந்து, உச்சத்தில், அடி முடிவில் நீண்டு போகும். அந்த நீட்டல் அலங்காரம் இல்லை. எதிர்ச் சரிவு பதில் சொல்வதற்கு விட்ட இடம் அது. இன்றைக்கு அதே சரிவில் இரண்டு பேர் தூக்கிப் பிடிக்கும் வெட்டு இயந்திரம் ஓடுகிறது. அதன் இரைச்சலில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. வேலை செய்கிறவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த பையன்கள். அவர்கள் காதில் இருப்பது இயர்ஃபோன்.

இப்போது தம்பியின் தலைமுறையின் பாட்டுகளைக் கேளுங்கள். தோட்டம், லயம், கங்காணி, பால்மரம், தாத்தாவின் முதுகு என்று சொற்கள் நிறைய வருகின்றன. சத்தத்தில் அவை இல்லை. குரலைச் செத்த அறையில் எடுத்துவிட்டு, பிறகு மென்பொருளிலிருந்து ஒரு ரிவர்ப் போட்டு உயிர் கொடுக்கிறார்கள். தம்பியின் கணினியில் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். ஐரோப்பிய தேவாலயங்கள், கச்சேரி மண்டபங்கள், ஒரு குகை. அவன் போன வருசம் செய்த 'லயத்துப் பாட்டு' ஒரு தேவாலயத்துக்குள் ஒலித்துக்கொண்டிருந்தது.

2021-இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யை நான் பலமுறை கேட்டவன். அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் என்பது அந்தப் பாட்டின் வேரில் இருக்கிறது. சொல்லிலும் தாளத்திலும் அது நம்மைக் கட்டிப்போடுகிறது. என் மனத்தாங்கல் ஒன்றுதான்: அந்த மூதாதையர் எல்லோரும் ஒரு சுத்தமான, விலாசமில்லாத வெளியில் நின்று பாடுகிறார்கள். கோடிக்கணக்கானவர்களின் ஃபோனில் ஒலிக்க வேண்டிய பாட்டு அப்படித்தான் இருக்க முடியும் என்பது நியாயமான பதில். இருந்தாலும் அந்தப் பாட்டி படுத்த அறை எப்படி ஒலித்திருக்கும் என்று நான் ஒவ்வொரு முறையும் தேடுகிறேன்.

1969-இல் ஆல்வின் லூசியர் என்ற அமெரிக்கர் ஒரு காரியம் செய்தார். அறையில் உட்கார்ந்து சில வாக்கியம் பேசிப் பதிவு செய்தார். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிந்தார். திரும்பத் திரும்ப. ஒவ்வொரு சுற்றிலும் அறைக்குப் பிடித்த அதிர்வெண்கள் ஊதின, மற்றவை தேய்ந்தன. கடைசியில் சொல் முழுக்கக் கரைந்து, அறை மட்டும் ரீங்கரித்தது. அறை சும்மா இருக்கும் பாத்திரம் இல்லை, அதற்கும் விருப்பு வெறுப்பு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

5

அப்பாயி பாட மாட்டேன் என்றதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் வந்த நான்காம் நாள்தான் அது வெளியே வந்தது.

தம்பி முதலில் கேட்டது கொழுந்துப் பாட்டு இல்லையாம். ஒப்பாரி. தாத்தா செத்தபோது அப்பாயி வைத்த ஒப்பாரி தோட்டத்தில் பேர்போனது. "அத ஒருவாட்டி பாடு அப்பாயி" என்று மைக்கை நீட்டியிருக்கிறான்.

"சாவு இல்லாத வீட்ல ஒப்பாரி வைப்பாங்களாடா? யாரச் சாவடிக்கச் சொல்ற?"

நாட்டுப்புறப் பாடல் சேகரிக்கப் போனவர்கள் எல்லோரும் இந்த மறுப்பைச் சந்தித்திருப்பார்கள். நம் அலமாரிகளில் அந்தத் தொகுப்புகள் இருக்கின்றன. பெர்சி மக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சேகரித்ததைக் கி.வா.ஜகந்நாதன் 1958-இல் 'மலையருவி'யாகப் பதிப்பித்தார். நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-இல் வந்தது. இலங்கை மலையகத்துக்குச் சி.வி.வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்'. இங்கே மலேசியாவில், 'நாடு விட்டு நாடு' எழுதிய முத்தம்மாள் பழனிசாமி நாட்டுப்புறப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். இவர்கள் இல்லையென்றால் நமக்கு ஒன்றுமே மிஞ்சியிருக்காது. அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்கிறேன்.

அச்சுப் பக்கமும் ஒரு செத்த அறைதான். பாடுகிறவள் மூச்சு வாங்கிய இடம், மறந்துபோய் முதல் அடியைத் திரும்பப் பிடித்த இடம், பக்கத்தில் இருந்தவள் "ஆமாடி" என்று போட்ட பதில், நடுவில் பிள்ளையை அதட்டியது, எல்லாம் சுவரில் ஒட்டிய ஃபோமுக்குள் போய்விடும். மிஞ்சுவது வரி. அதைத் தாலாட்டு, காதல், தொழில், ஒப்பாரி என்று பிரித்து அடுக்கிவிடுகிறோம். ஒப்பாரியில் 'கேட்பவர்' என்று தனியாக யாரும் கிடையாது. கட்டிக்கொண்டு அழுகிற உடம்புகள்தான் உண்டு. சபீன் அளந்த உடம்புகள். அந்த உடம்புகளை எடுத்துவிட்டால் அறையின் கணக்கே மாறிவிடுகிறது.

பழைய பலகை வீடுகளில் கதை வேறு மாதிரி இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடு, நடுவில் மெல்லிய பலகை. தடுப்புக்கு மேலே கூரைவெளி எல்லோருக்கும் பொது. இந்த வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் "ஆயுசு நூறு" என்பார்கள். ஒலியியல் கணக்கில் பார்த்தால் வேடிக்கை. மெல்லிய பலகைச் சுவர் பேஸைத் தேக்காது, அதிர்ந்து வெளியே விட்டுவிடும். இன்றைக்குச் செங்கல் அறைக்குள் தம்பி காசு கொடுத்து வாங்கும் 'பேஸ் அடக்கம்' அந்த வீட்டில் இனாமாக இருந்தது. சபீனின் திறந்த ஜன்னல் அது. அதற்குக் கொடுத்த விலை, ஒருவருக்கும் ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போனது. புருசன் அடித்தாலும் லயம் முழுக்கக் கேட்கும். கேட்டும் யாரும் வரமாட்டார்கள். இதை மறந்துவிட்டு அந்தப் பொதுக்கூரையைப் பற்றி உருகி எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

6

எட்டாம் நாள் சாயங்காலம் அப்பாயி அடுப்படியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மைக்கைக் கொண்டுபோய் அரிசித் தவலைக்குப் பக்கத்தில் வைத்தோம். சிமெண்டுத் தரை, தகரக் கூரை, எண்ணெய்ப் பிசுக்குச் சுவர். சத்தம் நன்றாகத் துள்ளும் அறை.

"இங்க பாடவா? இங்கன்னா பாடுவேன்."

கொழுந்துப் பாட்டை ஆரம்பித்தது. நாலாவது அடியில் மழை பிடித்தது. கேமரன் மலை மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது, தகரத்தில் விழுந்தால் பேச்சுக்கு இடமும் கிடையாது. தம்பி தலையில் கைவைத்துவிட்டான். அப்பாயி நிறுத்தவில்லை. மழைக்கு மேலே ஏறியது. இத்தனை வருசத்தில் அந்தக் குரலை அந்த உயரத்தில் நான் கேட்டதில்லை. எதிர்ச் சரிவுக்குக் கூப்பிட்ட குரல் அது. இந்த முறை பதில் சொன்னது மழை. அடி முடிவில் நீட்டும்போது மழை கொஞ்சம் தணிவதுபோல எனக்குப் பிரமை. பிரமைதான்.

"டேக் வீணாப் போச்சு அண்ணே. மழைதான் கேக்கும்."

"உன் ரூம்ல போட்டுக் கேளு."

போட்டோம். சரிசெய்த அறையின் அருமை அப்போதுதான் புரிந்தது. மழை ஒரு போர்வையாக மேலே இருந்தது. அதற்குக் கீழே குரல். குரலுக்குப் பக்கத்தில் வளையல் தவலையில் தட்டியது. பின்னால் கொதிக்கும் தண்ணீர். இரண்டாவது அடி முடிந்ததும், மழை தொடங்கும் முன், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள். அடுப்படி எவ்வளவு அகலம் என்றுகூட எனக்குக் கேட்டது. பழைய ஃபோம் அறையில் இதே பதிவைப் போட்டிருந்தால் வெறும் இரைச்சல்தான் வந்திருக்கும்.

ஆகவே நான் ஆரம்பத்தில் அப்பாயி பக்கம் நின்று அறையைக் குறை சொன்னது பாதிதான் சரி. பாடுவதற்கான அறை பேச வேண்டும். கேட்பதற்கான அறை வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கியதுதான் தம்பியின் பிழை.

விமர்சனம் எழுதுகிற எனக்கு இதில் ஒரு அடி விழுந்தது. எனக்கும் ஒரு 56 ஹெர்ட்ஸ் இருக்கிறது. தோட்டத்துத் துயரம். ஒரு கதையிலோ பாட்டிலோ அது வந்தால் போதும், என் அறையில் அது ஊதிப் பெரிதாகிவிடும். மட்டமான எழுத்தும் கனமாகக் கேட்கும். மலேசியத் தமிழ் வாசகர்கள் பலருக்கு இது உண்டு என்று நினைக்கிறேன், ஏனென்றால் நாம் எல்லோரும் ஒரே அளவு அறையில் வளர்ந்தவர்கள். இன்னும் சிலர் சரியாக நடுவில் உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் துயரமே கேட்பதில்லை, அதனால் எழுதும்போது அளவுக்கு மீறி ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு பேருக்கும் பிழை காதில் இல்லை, உட்காரும் இடத்தில். 'எஞ்சாயி எஞ்சாமி' பற்றி மேலே எழுதியதைக்கூட, நாற்காலியை இன்னும் கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடி கேட்க வேண்டும் போலிருக்கிறது. அதை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு பலூனை வாங்கி அடுப்படியில் உடைத்தோம். ஓர் அறையில் பலூன் வெடித்து அடங்கும் சத்தத்தைப் பதிந்தால், அதிலிருந்து அந்த அறையின் ரிவர்பைக் கணினியில் உருவாக்கிக்கொள்ளலாம். ஐரோப்பிய தேவாலயங்களின் பட்டியலுக்குக் கீழே தம்பி அதைச் சேர்த்தான். பெயர் வைக்கச் சொன்னேன். 'அடுப்படி' என்று தட்டினான்.

பலூன் சத்தத்தில் அப்பாயி திடுக்கிட்டு வெளியே வந்தது.

"என்னாடா வெடிக்கிறீங்க?"

"உன் அடுப்படிய ரெக்கார்டு பண்ணிட்டோம் அப்பாயி."

"அடுப்படியவா?" கொஞ்ச நேரம் யோசித்தது. "அப்ப நான் இல்லாட்டியும் அது பாடுமா?"

தம்பி என்னைப் பார்த்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. மழை மறுபடி பிடித்தது.